உப்புக் காற்றில் ஹை-ஃபை: ஒரே பெட்டியா, தனித்தனிப் பெட்டிகளா?

இரண்டு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கி வீட்டுக்கு நல்ல ஆடியோ வாங்கக் கிளம்புகிறவருக்குக் கடையில் இரண்டு வழி காட்டுவார்கள். ஒன்று, எல்லாம் ஒரே பெட்டிக்குள். இணையத்திலிருந்து பாட்டை எடுக்கும் ஸ்ட்ரீமர், டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி, ஆம்ப்ளிஃபயர் மூன்றும் ஒன்றாக இருக்கும். சிலவற்றில் ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும். இன்னொன்று, ஸ்ட்ரீமர், டிஏசி, வால்யூமையும் உள்ளீட்டையும் கவனிக்கும் ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப், ஸ்பீக்கர் என ஒவ்வொன்றும் தனி. எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒலித் தரத்தை மட்டும் வைத்து விடை சொல்வார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு அந்த விடை பாதிதான் உதவும். இந்தக் கரையில் ஒரு கருவி எத்தனை வருஷம் பாடும் என்பதை உப்பு, கரன்ட், பழுது பார்க்கும் ஊருக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றுதான் தீர்மானிக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாக வாங்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள வழியே சரி: ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒன்றாக இருக்கும் நல்ல இன்டகிரேட்டட் ஆம்ப் ஒன்று, டிஏசி உள்ளேயே இருக்கும் கைக்கடக்கமான தனி ஸ்ட்ரீமர் ஒன்று, ஆம்ப் உள்ளே இல்லாத சாதாரண பாசிவ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் தனித்தனியாக வைப்பதற்கு வீட்டில் சில வசதிகள் முன்பே இருக்க வேண்டும். எல்லாம் ஒன்றில் அடங்கிய பெட்டி சிலருக்கு மிகப் பொருத்தம், ஆனால் எல்லோருக்கும் அல்ல. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள, கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை: உப்பை அளந்து பாருங்கள்

கடையில் பூச்சில்லாத புது இரும்பு ஆணி நான்கு வாங்குங்கள். கால்வனைஸ் செய்த ஆணி உதவாது. துணியால் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு, ஒன்றைக் கடலைப் பார்த்த ஜன்னல் திண்டிலும், ஒன்றை ஆடியோ வைக்க நினைக்கும் இடத்திலும், ஒன்றை வீட்டின் நடு அறையிலும், ஒன்றைக் கதவு மூடிய அலமாரிக்குள்ளும் வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். ஜன்னல் ஆணி சிவந்துபோய், ஆடியோ இடத்து ஆணியிலும் புள்ளி புள்ளியாகத் துரு விழுந்திருந்தால் அந்த இடத்தை மாற்றியே ஆக வேண்டும். நடு அறை ஆணி சுத்தமாக இருந்தால் கருவியை அங்கே வைப்பதுதான் உங்கள் முதல் பாதுகாப்பு.

இதைச் செய்யும் பருவமும் முக்கியம். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களுக்கு உப்பு அதிகம். வாடைக் காற்று திரும்பிய பிறகு தேவிபட்டினம், தொண்டி எனப் பாக் நீரிணைப் பக்கம் அதே பாடு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்துக்கு இரண்டும் உண்டு. உங்கள் ஊருக்குக் கடற்காற்று நேராக அடிக்கும் மாதத்தில் ஆணியை வைத்தால்தான் உண்மை தெரியும்.

உப்பு ஏன் இவ்வளவு பொல்லாதது என்றால், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீராகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். அதாவது, பிளக்கின் மேலும் சர்க்யூட் போர்டின் மேலும் படிந்த உப்புத்தூசி இங்கே ஏறக்குறைய எப்போதும் ஈரமாகவே கிடக்கும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறுவதும், பூச்சு கீறிய இடத்தில் துரு தொடங்குவதும் இதனால்தான்.

கரன்ட்டை மூன்று நேரம் பாருங்கள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மாலை ஏழரை மணிக்கு, நள்ளிரவில், விடியற்காலையில் என ஒரு வாரம் எழுதி வையுங்கள். 210-லிருந்து 250 வோல்டுக்குள் நின்றால் கவலையில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில், லைன் முடியும் தெருவில் வீடு இருந்தால், ஏசி எல்லாம் ஓடும் கோடை மாலையில் 190-க்குக் கீழே போவதும், ஊர் தூங்கியபின் 250-ஐத் தாண்டுவதும் நடக்கும்.

அடுத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். இரண்டு வோல்டுக்குள் இருப்பது நல்லது. ஐந்து, பத்து என்று காட்டினால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டு ஜிஐ பைப் இறக்குவது இங்கே பழைய வழக்கம். மண்ணிலேயே உப்பு இருக்கும் இந்தக் கரையில் அந்தப் பைப் சீக்கிரம் அரித்துவிடும். மேலே கிளாம்ப் பளபளப்பாக இருக்கும், கீழே பைப் இருக்காது. செம்பு பூசிய எர்த் ராடு போட்டு, இணைப்பை வெளியே தெரியும்படி வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை அளந்து பார்ப்பது மேல்.

ஒரே பெட்டிக் கருவிகளில் பெரும்பாலும், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போன் சார்ஜர் போல வேலை செய்யும் ஸ்விட்ச்-மோட் பவர் சப்ளைதான் இருக்கும். பின்பக்கம் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் லோ வோல்டேஜ் அதற்குப் பெரிய விஷயமில்லை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பவர் ஆம்புக்கு அப்படியல்ல. வோல்டேஜ் விழுந்தால் அதன் வாட்டும் விழும், தவில் அடி வரும் இடத்தில் ஒலி நசுங்கும். அதற்கு சர்வோ ஸ்டெபிலைசர் வேண்டும். 100 வாட் இரட்டைச் சேனல் ஆம்புக்கு 2 கேவிஏ, 200 வாட் என்றால் 3 கேவிஏ. ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ரிலே ஸ்டெபிலைசர் ஒவ்வொரு படி மாறும்போதும் ‘டக்’ என்று வெட்டும். ஆடியோவுக்கு அது ஒத்துவராது. இன்னொன்று, டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பை ஆன் செய்யும் நொடியில் கரன்ட் மிக அதிகமாக இழுக்கும். கரன்ட் கூடினால் தானாக அணையும் ஸ்விட்சான எம்சிபி ‘பி’ வகையாக இருந்தால் அதில் விழுந்துவிடும், ‘சி’ வகை போட வேண்டும்.

இரண்டு வழிக்கும் பொதுவாக ஒன்று கட்டாயம்: எம்சிபி பெட்டியில் ஓவர்-வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலேயும், மின்னல் அலையைத் தாங்கும் எஸ்பிடியும். போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 230 வோல்ட் இருந்த இடத்தில் 400-ஐ நெருங்கும் வோல்டேஜ் பாயலாம். வீட்டிலுள்ள டிவியும் ஃபேனும் ஆடியோவும் சேர்ந்து போவது பெரும்பாலும் இப்படித்தான். லட்ச ரூபாய்ப் பெட்டிக்கு முன்னால் இந்தச் சில ஆயிரம் ரூபாய் வேலையை முடித்துவிடுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சைன்-வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஒரே பெட்டிக் கருவியையும் சிறிய ஆம்பையும் ஓட்டலாம். ஸ்கொயர்-வேவ் என்றால் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும்.

அறையைக் கைதட்டிக் கேளுங்கள்

கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். நம் வீடுகளின் ஹால் இப்படித்தான். அறையின் நடுவில் நின்று ஓங்கி ஒரு முறை கைதட்டுங்கள். ‘டிர்ர்ர்’ என்று உலோகச் சத்தம் பின்னால் ஓடினால், எவ்வளவு பணம் போட்டாலும் பாடகர் குரலின் ஓரம் கூர்மையாகக் குத்தும். இதைப் பெட்டி மாற்றிச் சரிசெய்ய முடியாது. உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தை அல்லது புத்தகம் நிறைந்த அலமாரி, முன்னால் தரையில் இரண்டு மடிப்பு ஜமுக்காளம், பக்கச் சுவரில் ஒலி பட்டுத் திரும்பும் இடத்தில் கனமான திரை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, ஒருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமே அது. பனையோலைப் பாயைச் சுவரில் மாட்டினால் பார்க்க அழகு, ஒலிக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது, அவ்வளவு மெல்லியது.

பேஸ் வேறு கதை. 14 அடி நீள அறையில் சுமார் 40 ஹெர்ட்ஸிலும், 11 அடி அகலத்தில் சுமார் 52 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கி வீங்கும். மெத்தையெல்லாம் அதைத் தொடாது. ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் இழுப்பதும், உட்காரும் நாற்காலியைச் சுவரோடு ஒட்டாமல் வைப்பதும் பாதி குறைக்கும். மீதிக்கு அறைத் திருத்தம் செய்யும் மென்பொருள் உதவும். என்ஏடி எம்10 போன்ற ஒரே பெட்டிக் கருவிகளில் டிராக் லைவ் என்ற அத்தகைய மென்பொருள் உள்ளேயே வருகிறது. மைக் வைத்து அளந்து, வீங்கும் இடத்தை அதுவே வெட்டிவிடும். சதுரமான சின்ன அறையில், ஸ்பீக்கரைச் சுவரை விட்டு நகர்த்த வழியில்லாதவருக்கு இது ஒன்றுக்காகவே ஒரே பெட்டி வாங்கலாம்.

மின்விசிறியையும் மறந்துவிடாதீர்கள். இந்தப் புழுக்கத்தில் அதை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பவர் குறைவு. தலைக்கு மேல் விசிறி ஓடும் அறையில் ஒரு டிஏசிக்கும் அதைவிட ஒரு லட்சம் அதிகமான டிஏசிக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு எட்டாது. அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

எத்தனை வாட் வேண்டும்?

கடையில் சொல்லும் வாட்டை நம்ப வேண்டாம், நீங்களே கணக்குப் போடுங்கள். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா என்ற ஸ்பீக்கருக்கு அது 85 டெசிபெல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 9 டெசிபெல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக 79. நல்ல சத்தமாகக் கேட்கும்போது சராசரி 80, உச்சத்தில் 95 என்று வைத்தால் இன்னும் 16 டெசிபெல் வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் வாட் இரட்டிப்பாகும் என்பதால் கணக்கு 40 வாட்டில் வந்து நிற்கிறது. நெய்ம் யூனிட்டி ஆட்டம் என்ற ஒரே பெட்டிக் கருவி சேனலுக்குத் தருவதும் அதே 40 வாட்தான். மூடிய அறையில் சுவர்களும் கொஞ்சம் சத்தத்தைத் திருப்பித் தரும். 150 சதுர அடி அறைக்கு இது தாராளம்.

அதே ஸ்பீக்கரை, மாடிப்படி திறந்திருக்கும் 400 சதுர அடி ஹாலில் வைத்து ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நூறு வாட்டுக்கு மேல் வேண்டும். பவர் ஆம்ப் தனியாக வைப்பதற்கு நியாயம் பிறக்கும் இடம் இது. ஆனால் 90 டெசிபெல் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் தேவை மூன்றில் ஒன்றாகக் குறையும். பெரிய ஆம்ப் வாங்குவதற்கு முன் இந்த மலிவான வழியை யோசியுங்கள்.

இணைப்புகளை எண்ணுங்கள்

தேர்வின் மையம் இதுதான். ஒரு தாளில் இரண்டு அமைப்பையும் வரைந்து, ஒயர் முனை ஒவ்வொன்றையும் எண்ணுங்கள்.

முழுக்கத் தனித்தனி அமைப்பில், ஸ்ட்ரீமரிலிருந்து டிஏசிக்கு ஒரு டிஜிட்டல் ஒயர், இரண்டு முனை. டிஏசியிலிருந்து ப்ரீஆம்புக்கு இரண்டு ஆர்சிஏ ஒயர் (சிவப்பு, வெள்ளை பிளக் வைத்த ஒலி ஒயர்), நான்கு முனை. அங்கிருந்து பவர் ஆம்புக்கு இன்னும் நான்கு. பவர் ஆம்பிலிருந்து ஸ்பீக்கர்களுக்கு எட்டு. மொத்தம் 18 முனை, அதோடு நான்கு பவர் கார்டு. ஒரே பெட்டியும் பாசிவ் ஸ்பீக்கரும் என்றால் 8 முனை, ஒரு பவர் கார்டு. எல்எஸ்50 ஒயர்லெஸ் 2 போல ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் ஜோடி என்றால் ஸ்பீக்கர் ஒயரே கிடையாது. இரண்டு பவர் கார்டு மட்டும்.

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இந்த எண்ணிக்கைக்குப் பெரிய பொருளில்லை. கடலோரத்தில் ஒவ்வொரு முனையும் களிம்பு ஏறும் இடம். ஆர்சிஏ பிளக்கில் போவது மிகச் சிறிய வோல்டேஜ். மெல்லிய களிம்புப் படலம்கூட அதைத் தடுத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறையும், பிளக்கைத் திருகினால் ‘கரகர’ என்று மறுபடி வரும், இரண்டு வாரத்தில் திரும்பவும் போகும். ஆம்ப் பழுது என்று நினைத்து ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர் தூரம் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அங்கே பிளக்கைக் கழற்றி மாட்டியதும் எல்லாம் சரியாக இருக்கும்.

ஹம் எனப்படும் உறுமல் சத்தமும் இதோடு சேர்ந்தது. நான்கு பெட்டி நான்கு பிளக் பாயின்ட்டில் எர்த் எடுத்தால், எர்த்துகளுக்கு நடுவே ஓடும் கரன்ட் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும். எல்லாவற்றையும் ஒரே போர்டில் மாட்டுங்கள். கேபிள் டிவி இணைத்தவுடன் ஹம் வந்தால் டிவியை ஆப்டிகல் ஒயரில் இணையுங்கள். ஹம் போக வேண்டுமென்று மூன்றாவது பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான வேலை, எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

இதைப் பார்த்து ஒரே பெட்டிதான் ஜெயித்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதன் பலவீனம் உள்ளே இருக்கிறது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பின்கள் நெருங்கிய போர்டில் ஈர உப்புப் படலம் படிந்தால் பின்னுக்குப் பின் கசிவு ஏற்படும். பழைய பாணி ஆம்பின் அகலமான தடங்கள் அதைத் தாங்கும். ஊரில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரால் அவற்றைத் திறந்து பார்க்கவும் முடியும். ஒரே பெட்டியில் வைஃபை பகுதி போனால்கூட மொத்தமும் சர்வீஸ் சென்டருக்குப் போகும், சில நேரம் போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும், அதுவரை வீட்டில் பாட்டே இல்லை. தனித்தனியில் ஸ்ட்ரீமர் போனால் போனிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஆம்பில் மாட்டிக்கொள்ளலாம்.

மென்பொருளுக்கும் வயதாகும். 2020-ல் சோனோஸ் நிறுவனம் எஸ்2 என்ற புதிய செயலியைக் கொண்டுவந்தபோது, பழைய கருவிகள் சில எஸ்1 செயலியோடு நின்றுவிட்டன. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2019-லேயே நிறுத்தப்பட்டது. ஸ்ட்ரீமிங் என்ற பகுதிக்குச் சில வருஷங்கள்தான் வயது. நல்ல ஆம்புக்கு இருபது வருஷம். 1980-களில் வாங்கிய ஆம்பின் ஆர்சிஏ சாக்கெட்டில் இன்றைய ஸ்ட்ரீமர் அப்படியே பொருந்தும். சீக்கிரம் வயதாகும் பகுதியை மலிவான தனிப் பெட்டியாக வைத்துக்கொண்டு, நாள்படும் பகுதியில் பணத்தைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். இன்டகிரேட்டட் ஆம்பும் ஸ்ட்ரீமரும் என்ற வழியை நான் முன்வைப்பது இதற்காகத்தான். எண்ணிப் பாருங்கள்: ஸ்ட்ரீமரிலிருந்து ஆம்புக்கு நான்கு, ஸ்பீக்கருக்கு எட்டு, ஆக 12 முனை. ஒரே பெட்டியைவிட நான்குதான் கூடுதல், ஒன்று பழுதானாலும் மற்றது வீட்டில் ஓடும்.

ஒரே பெட்டி யாருக்கு? வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்து, பிள்ளைகள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடு. அத்தாவோ அம்மாவோ ஒரே ரிமோட்டில் பாட்டுப் போட முடிய வேண்டும் என்றால் இதைவிட நல்லதில்லை. 150 சதுர அடிக்குக் குறைந்த அறை, வாடகை வீடு, ஒயர் தெரியக் கூடாது என்ற வீடு, இவற்றுக்கும் அதுதான். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: பின்பக்கம் ஆர்சிஏ அல்லது ஆப்டிகல் உள்ளீடு இருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் பகுதி காலாவதியானாலும் வெளியிலிருந்து பாட்டைக் கொடுத்து ஓட்டிக்கொள்ளலாம்.

ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் தனியாக யார் வைக்கலாம்? சொந்த வீடு, 300 சதுர அடிக்கு மேல் ஹால், ஆடியோவுக்கென்று தனி லைன் இழுத்த வயரிங், உள்ளறையில் சுத்தமாக இருந்த ஆணி, அதோடு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் பராமரிப்புக்கு உட்கார ஆசை. இத்தனையும் இருந்தால் தாராளமாகப் போங்கள், பலன் காதில் தெரியும்.

பணத்தைப் பிரிக்கும் முறை

மூன்று லட்சம் என்றால் ஸ்பீக்கருக்கு ஒன்றேகால், ஆம்புக்கு ஒரு லட்சம், ஸ்ட்ரீமருக்கு முப்பதாயிரம். மீதி நாற்பத்தைந்தாயிரத்தை ஸ்டெபிலைசர், எர்த், எஸ்பிடி, மெத்தை, திரைக்கு வையுங்கள். இந்த மீதியைத் தொடாதீர்கள். விலையுயர்ந்த ஒயருக்கு ஒன்றும் ஒதுக்க வேண்டாம். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர 0.07 ஓம்தான் தடை தரும், காதுக்குத் தெரியாது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதை வாங்குங்கள். வெறும் செம்பு முனை இங்கே ஒரு பருவத்தில் கறுத்துவிடும்.

ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று கேளுங்கள். ஃபோம் இந்த ஈரத்தில் பொடிந்துபோகும். பழைய ஸ்பீக்கர் வாங்கினால் விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினாலோ உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால்: துபாய், சிங்கப்பூர், மலேசியா கருவிகள் நம் வோல்டேஜுக்குப் பொருந்தும், பிளக் மட்டும் மாறும். அமெரிக்கக் கருவி 120 வோல்ட், ஜப்பானியது 100 வோல்ட். பின்பக்கம் 100–240 வோல்ட் என்று இல்லாததை நேராக மாட்டினால் அந்த நொடியே போய்விடும். பவர் ஆம்ப் ஒன்றே இருபது கிலோவைத் தாண்டலாம், விமானப் பெட்டிக் கணக்கு அதிலேயே முடிந்துவிடும். இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று வாங்கும் கடையில் எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்களில் செல்லாது.

கேட்டுப் பார்க்கப் போகும்போது நன்றாகப் பழகிய ஐந்து பாட்டைக் கொண்டுபோங்கள். நாதஸ்வரமும் தவிலும் ஒன்று, தனிக் குரல் ஒன்று, வயலின் கூட்டமாக வரும் இளையராஜா பாட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இரண்டு கருவியையும் ஒரே சத்த அளவில் போடச் சொல்லுங்கள். ஒரு டெசிபெல் கூடினாலே அது நல்ல கருவி போலக் காதுக்குத் தோன்றும். போனில் உள்ள சவுண்ட் மீட்டர் செயலி இந்த ஒப்பீட்டுக்குப் போதும்.

நிறுவும்போது

ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே ஏழு அடி, உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஏழிலிருந்து எட்டடி. கூர்மையான ஒலி தரும் சிறிய பகுதியான ட்வீட்டர் காது உயரத்தில். ஸ்டாண்டின் குழாயில் மணல் நிரப்பினால் அதிர்வு அடங்கும். கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். உள்ளிருந்தே ஸ்டாண்டை அரித்துவிடும். கழுவிக் காயவைத்த ஆற்று மணல் போதும்.

தரையில் வைக்கும் ஸ்பீக்கர் என்றால் மூன்று அங்குலமாவது உயர்த்துங்கள். வீடு துடைக்கும் தண்ணீர், மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் அடியில் ஏறினால் பலகை உப்பிப் போகும், திரும்பாது. ஆம்புக்கு மேலே ஆறு அங்குலம் இடைவெளி விடுங்கள், மூடிய டிவி ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள்.

பல்லியைப் பற்றி எந்த கையேட்டிலும் இருக்காது, ஆனால் இங்கே ஆம்ப் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஸ்டாண்ட்-பையில் இளஞ்சூடாக இருக்கும் பெட்டியின் காற்றோட்டப் பிளவு வழியாக நுழைந்து, பவர் போர்டில் இரண்டு முனையைச் சேர்த்துத் தொடும். அதுவும் போகும், ஆம்பும் போகும். நைலான் கொசுவலைத் துணியைப் பிளவுகளுக்கு வெளியே ஒட்டுங்கள், மாதம் ஒரு முறை தூசி தட்டுங்கள். இரும்பு வலை வேண்டாம். துருப்பிடித்துத் துகள் உள்ளே விழும்.

ஏசி அறையில் இன்னொரு ஆபத்து. வெளிக்காற்று 30 டிகிரியும் 75 சதவீத ஈரமுமாக இருந்தால் 25 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் பூக்கும். ஏசியை 20-ல் வைத்துத் தூங்கிவிட்டுக் காலையில் ஜன்னலைத் திறந்தால், அணைந்து கிடக்கும் ஆம்பின் உள்ளேயும் அதுவே நடக்கும். 26-க்குக் கீழே போகாதீர்கள். அல்லது ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை

எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு ஆர்சிஏ பிளக்கையும் கழற்றி, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருக்கும், அது வேண்டாம். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அந்தப் படலம் உப்புத்தூசியைப் பிடித்து வைக்கும். ஸ்பீக்கர் ஒயர் முனை கறுத்திருந்தால் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டவுடன் பவர் பிளக்கையும் லேன் ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். வரும் இணைப்பு ஃபைபர் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். ரூட்டரின் அடாப்டர் கரன்ட் லைனில்தான் இருக்கிறது, அங்கிருந்து லேன் வழியாக ஸ்ட்ரீமருக்கு மின்னல் அலை வரும்.

குடும்பத்தோடு வெளிநாடு போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டுகிறவர்கள் கருவியைக் காய்ந்த துணியால் துடைத்து, வெயில் அடிக்கும் நாளின் மதியத்தில் தடிமனான பாலித்தீன் பையில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு போட்டு, வாயை டேப்பால் ஒட்டி, உள்ளறையில் தரையை விட்டு உயரத்தில் வையுங்கள். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஒழுகினால் ரிமோட் போய்விடும். அசல் அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் பத்திரப்படுத்துங்கள். மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் பார்சலில் அனுப்ப அவை இல்லாமல் முடியாது. திரும்பி வந்ததும் பையைப் பிரித்து ஒரு நாள் முழுக்க அறையில் விடுங்கள். பிறகு வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, கருகல் வாடை இல்லையென்று பார்த்து, முதல் ஒரு மணி நேரம் மெதுவான சத்தத்திலேயே ஓடவிடுங்கள்.